மணி அடித்ததும் வரும் ஐந்து நிமிடம்

கணக்குப் பீரியட் முடிந்து மணி அடிக்கிறது. அடுத்த வகுப்பு மாடியில், ஆய்வகத்தில். நடுவே ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். மணிச் சத்தத்துக்கு நடுவே ஆசிரியர் சொன்ன வீட்டுப்பாடத்தைக் காதில் வாங்க வேண்டும். கணக்கு நோட்டை உள்ளே வைத்து அறிவியல் நோட்டை எடுக்க வேண்டும். வகுப்பே ஒரே நேரத்தில் நாற்காலியை இழுக்கும், அதையும் தாங்க வேண்டும். நெரிசலான வராண்டாவில் யார் மேலும் இடிக்காமல் நடக்க வேண்டும். எதிரே வருகிறவன் முதுகில் தட்டியது நட்பா, வம்பா என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஆய்வகத்தில் இன்று யார் பக்கத்தில் உட்காருவது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஓய்வு. ஆஸ்பெர்கர் (பேச்சிலும் அறிவுத்திறனிலும் பின்தங்காத ஆட்டிசத்துக்கு வழங்கிவந்த பெயர்) உள்ள பிள்ளைக்குப் பல நாட்களில் இதுதான் பள்ளியின் மிகக் கடினமான பாடம். கணக்குக்கு விதி உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த ஐந்து நிமிடத்துக்கான விதிகளை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. மற்றவர்கள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், எழுத வேண்டும் என்ற எண்ணமே பள்ளிக்கு வருவதில்லை. சிறப்பு ஆசிரியர், சிகிச்சையாளர் என்று யாரும் இல்லாத பள்ளியிலும் இதை ஓரளவு சரிசெய்யலாம். சொல்லாமல் விட்டதைச் சொல்ல வைப்பது, எழுதாமல் விட்டதை எழுத வைப்பது. கீழே வரும் யோசனைகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

முதலில் பெயரைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் பெயர்க் குழப்பத்தாலேயே உதவி கைநழுவிப் போவதுண்டு. வியன்னாவில் மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லார்னா விங் 1981இல் அவர் பெயரையே இந்த நிலைக்குச் சூட்டினார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994இல் அது தனிப் பெயராக ஏறியது. 2013இல் அடுத்த பதிப்பு வந்தபோது ஆட்டிச நிறமாலை என்ற பொதுப்பெயருக்குள் கரைந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் தனிப்பெயரை விட்டுவிட்டது. நாஜி ஆட்சியில் ஆஸ்பெர்கரின் பங்கு பற்றிய ஆவணங்கள் 2018இல் வெளியான பிறகு அந்தப் பெயரையே தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பழைய அறிக்கையில் ‘ஆஸ்பெர்கர்’ என்றும், புதியதில் ‘ஆட்டிச நிறமாலை, நிலை 1’ என்றும் இருக்கலாம். பள்ளியிடம் பேசும்போது இரண்டையும் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நிலை 1க்கு அந்தக் கையேடு தரும் விளக்கமே ‘ஆதரவு தேவை’ என்பதுதான். அதை ‘லேசான ஆட்டிசம், தானே சமாளிக்கும்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வது பள்ளிகளில் சர்வசாதாரணம்.

நல்ல மார்க்தான் இங்கே பெரிய இடைஞ்சல். மார்க் வாங்கும் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பார்கள். குறையை மறைக்க அந்தப் பிள்ளை நாள் முழுக்கச் செலவிடும் உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பது, கண்ணைப் பார்ப்பதாகக் காட்ட மூக்கு நுனியைப் பார்ப்பது, கையை ஆட்டத் தோன்றும்போது தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வது. மாஸ்கிங் என்று இதைச் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகள் இதை அதிகம் செய்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, அவர்கள் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பள்ளியில் அடக்கியது வீட்டு வாசலில் வெடிக்கும். பள்ளி ‘இங்கே நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று சொல்லும். வீட்டில்தான் கோளாறு என்று அதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். பிள்ளையின் அன்றைய தாங்கும் சக்தி பள்ளியிலேயே தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் பள்ளிக்குப் புரியவைக்க வாதம் உதவாது, தாள் உதவும். பள்ளி நாட்களாகப் பத்து நாளுக்கு ஒரு அட்டவணை எழுதுங்கள். நேரம், இடம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன மாறியது, தணிய எவ்வளவு நேரம் ஆனது. ஐந்து கட்டம் போதும். வகுப்பில் நடந்ததைப் பிள்ளை சொல்லிக் கேட்டு எழுத வேண்டியிருக்கும். ‘இன்று எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் வராது, அது பெரிய கேள்வி. ‘மூன்றாவது பீரியடில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?’ என்று கேட்டால் வரும். இந்த அட்டவணையில் எல்லாரும் செய்யும் தவறு, வெடித்த நிமிடத்தை மட்டும் எழுதுவது. மதியம் இரண்டு மணிக்குப் பென்சிலை உடைத்ததற்குக் காரணம் காலை பத்து மணிக்கு அறிவிப்பில்லாமல் ஆசிரியர் மாறியதாக இருக்கலாம். நாலைந்து நாளிலேயே ஏதாவது ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். பாடத்தைவிட இடமும் மாற்றமும் சத்தமும்தான் அதில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து, ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம். அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. மருத்துவ அறிக்கை பன்னிரண்டு பக்கம் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. மாற்று ஆசிரியர் கையில் அது போய்ச் சேருவதும் இல்லை. கடிதம் இப்படி இருக்கலாம்:

‘என் மகளுக்கு ஆட்டிசம் (ஆஸ்பெர்கர்) உள்ளது. நீங்கள் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பாள், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கேள்வி கேட்டால் பத்து நொடி கழித்துப் பதில் சொல்வாள். அதற்குள் கேள்வியை வேறு வார்த்தைகளில் திருப்பிக் கேட்டால் முதலிலிருந்து யோசிக்கத் தொடங்குவாள். பதற்றம் அதிகமானால் பேச்சு வராது, அது பிடிவாதம் இல்லை. உதவி: வேலையைப் போர்டில் எழுதுங்கள், மாற்றம் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், வெளியே போக அட்டையைக் காட்டினால் விடுங்கள். தயவுசெய்து எல்லார் முன்னிலும் காரணம் கேட்காதீர்கள்.’

நான்கு அடையாளம், மூன்று உதவி, ஒரு வேண்டாம். இதற்கு மேல் ஏற்றினால் எதுவும் நடக்காது. பள்ளி தொடங்கிய முதல் வாரம் கொடுங்கள், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி கொடுங்கள். நேரில் பேசி ஏதாவது ஒப்புக்கொண்டால் அன்றே தேதியோடு ‘இன்று இவ்வாறு முடிவு செய்தோம், நன்றி’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆசிரியர் மாறினாலும் ஒப்புதல் மாறாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

தாங்க முடியாதபோது வகுப்பிலிருந்து சற்று வெளியே போக அனுமதிக்கும் அந்த அட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பள்ளிகள் இதைத் தருகின்றன, பல பிள்ளைகள் இதைப் பயன்படுத்துவதே இல்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு ‘வேண்டும்போது கேள்’ என்பார்கள். சத்தமும் நெருக்கடியும் எல்லை மீறும்போது முதலில் போவது பேச்சு. கேட்க வாய் இருந்தால் அட்டையே தேவைப்பட்டிருக்காது. இரண்டாவது, எங்கே போவது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வராண்டாவில் நின்றால் எதிர்ப்படும் வேறொரு ஆசிரியர் அதட்டுவார். மூன்றாவது, திரும்பி வந்ததும் ‘எங்கே போனாய், என்ன ஆச்சு’ என்ற விசாரணை. ஒருமுறை இப்படி நடந்தால் அந்த அட்டை பையின் அடியில் போய்விடும்.

சரியாக அமைக்க ஐந்து விஷயம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். பேசத் தேவையில்லாத ஒரு சைகை: அட்டையை மேசை ஓரத்தில் வைத்தால் போதும். ஒரே ஒரு இடம்: நூலகமோ அலுவலக அறையின் மூலையோ. அங்கே இருப்பவருக்குத் தகவல். ஒரு கால அளவு, பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் டைமரோ கடிகாரமோ இருக்கட்டும். திரும்பி வந்ததும் யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற உறுதி. அதன்பின் மனம் அமைதியாக இருக்கும் நாளில் மூன்று முறை ஒத்திகை: எழு, அட்டையை வை, நட, உட்கார், திரும்பு. ஒத்திகை இல்லாத அட்டையை நெருக்கடியில் கை தேடாது. ‘வகுப்பைத் தவிர்க்கப் பயன்படுத்துவானே’ என்று ஆசிரியர் தயங்கினால், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் நூலகத்திலேயே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே பாடத்தில் மட்டும் அட்டை திரும்பத் திரும்ப வெளியே வந்தால், அந்த வகுப்பறையில் ஏதோ ஒன்று தாங்க முடியாததாக இருக்கிறது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம்தான்.

என்ன தாங்க முடியவில்லை என்று பிள்ளைக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பழைய வகைக் குழல் விளக்குகள் மின்சாரத்தின் அலைவெண்ணைப் போல் இரண்டு மடங்கு, அதாவது நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கின்றன. பெரும்பாலோர் உணராத அந்தத் துடிப்பும் அதன் ரீங்காரமும் சிலருக்குத் தலைவலியாக முடிகின்றன. விளக்குக்கு நேர் கீழே இல்லாத, ஜன்னல் பக்க இருக்கை கேளுங்கள். பின்னால் சுவர், பக்கத்தில் ஒரே ஒருவர், கதவு கண்ணில் படும் தூரம் என்றால் இன்னும் நல்லது. ‘கவனிக்க வசதியாக’ முதல் வரிசையில் நடுவே உட்கார வைப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. முதுகுக்குப் பின்னால் முப்பது பேரின் அசைவையும் காதால் கண்காணித்துக்கொண்டே அந்தப் பிள்ளை பாடம் கேட்க வேண்டியிருக்கும்.

நுரை காதடைப்பான்கள் வராண்டாவுக்கும் உணவு நேரத்துக்கும் நல்லவை. விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, இன்னொரு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வெளியே தள்ளிக்கொண்டு வரும், சத்தம் அப்படியே கேட்கும். வகுப்பில் போட்டால் ஆசிரியரின் குரலும் மங்கிவிடும், அங்கே கழற்றிவிடச் சொல்லுங்கள். புதுச் சீருடையை அணியும் முன் பலமுறை துவைத்து, கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிஞ்சும் ஓரம் லேபிளைவிடக் குத்தும்.

பசி, தாகம், சிறுநீர் உந்துதல் போன்ற உடலின் உள் செய்திகள் பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தாமதமாகவோ மங்கலாகவோதான் எட்டுகின்றன. இதோடு கழிப்பறையின் எதிரொலியும் கை உலர்த்தியின் இரைச்சலும் சேர்ந்தால், பிள்ளை கழிப்பறையையே தவிர்க்கும். கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத் தண்ணீரைத் தவிர்க்கும். மதியம் தலைவலி, அதன்பின் எரிச்சல், அதன்பின் ஆசிரியரின் புகார். புகாரிலிருந்து பின்னோக்கிப் போனால்தான் கை உலர்த்தி தெரியும். தீர்வு எளிது: ஒவ்வொரு மணிக்கும் நான்கு வாய் தண்ணீர், வகுப்பு நடக்கும்போது காலியாக இருக்கும் கழிப்பறைக்குப் போக அனுமதி.

வகுப்புக்குள் வருவோம். ‘புத்தகத்தை எடுங்கள், 42ஆம் பக்கம், மூன்றாவது கேள்வி, முடித்தவர்கள் ஐந்துக்குப் போங்கள், போன வார வேலையை முன்னால் கொண்டு வாருங்கள்.’ ஒரே மூச்சில் ஐந்து கட்டளை. புத்தகத்தைப் பையில் தேடும் நேரத்தில் மிச்சம் நான்கும் காற்றோடு போய்விடும். பக்கத்து மாணவரின் நோட்டை எட்டிப் பார்த்தால் காப்பி அடிக்கிறான் என்பார்கள். போர்டில் ஐந்து வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும், வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்கும் உதவும். ஆசிரியரிடம் கேட்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான உதவி கிடையாது. குழு வேலையில் ‘எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள்’ என்று விடாமல், ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்: வரைபடம் உன்னுடையது, இவ்வளவு அளவு, இந்த நாளுக்குள்.

வீட்டுப்பாடம் மூன்று இடத்தில் உடைகிறது. குறித்துக்கொள்ளாமல், தொடங்க முடியாமல், செய்தும் கொடுக்காமல். கடைசியதுதான் மனதை மிகவும் நோகடிக்கும்: இரவு உட்கார்ந்து முடித்த தாள் பையிலேயே இருக்கும், ‘செய்யவில்லை’ என்று குறிப்பு வரும். ஆசிரியர் ‘எடுத்து வையுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்காது, அல்லது ஐந்து நிமிட நெரிசலில் மறந்திருக்கும். இரண்டு பை உள்ள ஒரே கோப்பு வாங்குங்கள், இடது பக்கம் செய்ய வேண்டியது, வலது பக்கம் கொடுக்க வேண்டியது. எல்லாப் பாடத்துக்கும் அதே கோப்பு, பாடத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால் தொலையும். வகுப்பு முடிவில் கொடுப்பதைவிட உள்ளே நுழைந்ததும் மேசையில் வைக்கும் பழக்கம் நிலைக்கும். தொடங்க முடியாத பிள்ளையிடம் ‘வீட்டுப்பாடம் செய்’ என்று சொல்வது உதவாது, அதற்குள் இருபது படி ஒளிந்திருக்கிறது. ‘தேதியையும் கேள்வி எண்ணையும் எழுது’ என்பது ஒரு படி. அதை எழுதிய கை பெரும்பாலும் அடுத்த வரிக்குத் தானே போகும். எழுதுவதே உடல்வலியாக இருக்கும் பிள்ளைகளும் பலர். தெரிந்த வகைக் கணக்கில் இருபதுக்குப் பதில் எட்டுப் போதும் என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டால் பெரிய நிம்மதி.

தேர்வில் கேள்வியின் வினைச்சொல்தான் வழுக்கும் இடம். ‘ஒப்பிடுக’ என்றால் ஒவ்வொரு அம்சத்திலும் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும், முதலில் ஒன்று முழுக்க, பிறகு இன்னொன்று என்று எழுதினால் மார்க் குறையும். ‘விவரி’ வேறு, ‘காரணம் கூறு’ வேறு. இந்தச் சொற்களை ஒரு அட்டையில் எழுதி, பக்கத்தில் எத்தனை மார்க்குக்கு எத்தனை குறிப்பு என்றும் எழுதுங்கள். ‘அவள் ஏன் கதவைச் சாத்தினாள்?’ என்ற கதைக் கேள்விக்குக் ‘காற்று அடித்தது’ என்று எழுதும் பிள்ளை கதையைக் கவனமாகப் படித்த பிள்ளைதான். இத்தகைய கேள்விக்கு ஒரு சட்டகம் கொடுக்கலாம்: அதற்குச் சற்று முன் அவளுக்கு என்ன நடந்தது, அதனால் எந்த உணர்வு வந்திருக்கும், அந்த உணர்வில் கதவைச் சாத்துவது என்ன சொல்கிறது. மூன்று வாக்கியம். பயிற்சியால் வரும். நேரத்தையும் கணக்காக்குங்கள்: 90 நிமிடம், 60 மார்க், சரிபார்க்க 15 நிமிடம் போனால் மார்க்குக்கு ஒன்றேகால் நிமிடம், 8 மார்க் கேள்விக்குப் பத்து நிமிடம். கடிகாரத்தில் பத்தானதும் பாதி வாக்கியத்திலும் நிறுத்தி அடுத்ததற்குப் போக வேண்டும். முழுமையாக முடிக்காமல் நகர்வது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம், அதனால் வீட்டில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பழக்க வேண்டும். தேர்வறையையும் இருக்கையையும் முந்தைய நாளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நட்பு விஷயத்தில் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்வேன். ஒருவர் போதும். ஏதாவது ஒரு வேலையைச் சுற்றி அமையும் நட்பு, சதுரங்கமோ கணினியோ பூச்சிகளோ, வெறும் அரட்டையைச் சுற்றி அமைவதைவிட நிலைக்கும். ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ஒரு கருத்தும் இங்கே பொருந்தும்: ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார், இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது. பிள்ளையை மட்டும் திருத்திக்கொண்டே இருப்பது நியாயமும் இல்லை, பலனும் இல்லை.

கேலியும் கொடுமையும் பலமுறை நட்பு வேடத்தில் வரும். ‘போய் மிஸ்ஸிடம் இதைச் சொல்’ என்று ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். தனியாக இருக்கும்போது பேசி, மற்றவர் வந்ததும் மாறுகிறவர் நண்பர் இல்லை என்று பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும் என்று பல பிள்ளைகள் நம்புவதால் புகார் சொல்வதில்லை. புகாரை எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர்கள்.

எல்லை மீறி வெடித்தால் பேச்சைக் குறையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். விசாரணை அடுத்த நாள். வெடிப்பதற்குப் பதில் உறைந்து போகும் பிள்ளையும் உண்டு, தலையைக் கவிழ்த்துச் சத்தமில்லாமல் இருக்கும். தொந்தரவு இல்லை என்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அல்லது திமிர் என்பார்கள். வீடு திரும்பியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வியே வேண்டாம். பிடித்த விஷயத்தில் மூழ்கட்டும், தண்டனையாக அதைப் பறிக்காதீர்கள். பள்ளி தின்ற சக்தி அங்கேதான் திரும்பக் கிடைக்கிறது. வாரத் தொடக்கத்தில் மட்டும் வரும் வயிற்றுவலி, குறைந்துகொண்டே போகும் தூக்கம், பிடித்த விஷயத்தைப் பற்றியே பேசாமல் போவது, இவை மூன்றும் சேர்ந்தால் பாரம் அதிகம் என்று பொருள். பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளை முதலில் நிறுத்துங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

வீட்டிலும் யாரும் நம்பாமல், தனியாக இதைப் படிக்கும் மாணவர் யாராவது இருந்தால், உனக்கு இந்தப் பகுதி. பள்ளி முழுவதும் உன்னைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, ஒரு பெரியவர் போதும். அவர் உன் வகுப்பாசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. நூலகர், ஆய்வக உதவியாளர், கோபப்படாமல் பேசும் யாராவது ஒருவர். அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: உன் கேள்விக்கு அவர் போன முறை முழுப் பதில் சொன்னாரா? சொன்னார் என்றால் அவர்தான். நேரில் பேசுவது கஷ்டம் என்றால் எழுதிக் கொடு, எழுதிக் கொடுப்பதில் தவறே இல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில், பெரும்பாலும் காலை முதல் மணிக்கு முன், மடித்து நீட்டினால் போதும். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். எனக்குச் சத்தமும் கூட்டமும் சில நேரம் தாங்க முடியாமல் போகிறது. அப்போது பேச வராது. உணவு இடைவேளையில் நான் இங்கே ஓரமாக உட்காரலாமா? அடுக்கி வைக்கும் வேலை இருந்தால் செய்கிறேன். பதிலை இந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தாலும் போதும்.’

இரண்டு பிரதி எழுதி ஒன்றைப் பையின் முன் ஜிப்பில் வைத்துக்கொள். அவருக்கு வேலை அதிகம், ஒரு வாரத்தில் மறக்கலாம். மறந்தால் இரண்டாவது பிரதியைக் கொடு. வேண்டாம் என்றால், அடுத்தவருக்கு அதே தாள்.